வாச்சர் பாடிப் பார்த்த புத்தகம்

எங்கள் கல்லூரியில் எந்தப் பாடநூலை வாங்குவதாக இருந்தாலும் முதலில் அதை வாச்சரிடம் கொடுக்க வேண்டும். சொன்னால் வெளியூர்க்காரர் யாரும் நம்புவதில்லை. கேட்டடியில் இருந்து வாகன இலக்கம் எழுதுகிற காவலாளிக்கும் பாடநூலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் நானும் அதையேதான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் சிரித்தும் தொலைத்தேன். கல்லூரி அதிபர் சிரிக்கவில்லை.

கல்லூரி முந்தல் ஊரைத் தாண்டி, கடல்நீர் தேங்கி நிற்கிற களப்புப் பக்கம் இறங்குகிற ஒரு மண் பாதையின் முடிவில் இருக்கிறது. இறால் வளர்ப்புப் பழக்குவதற்காகத் தொடங்கிய இடம். பிறகு தென்னை வந்தது, தையல் வந்தது, கேக் வந்தது. கடைசியாக இசையிலும் ஒரு டிப்ளோமா தொடங்கினால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நான் பள்ளிக்கூடங்களில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்று, எங்கள் ஊர் உடப்பில் வீட்டோடு இருந்து, வருகிறவர் போகிறவரோடெல்லாம் வாய்த்தர்க்கம் செய்துகொண்டிருந்த காலம் அது. வீட்டில் இருந்தவர்களே விண்ணப்பத்தை நிரப்பி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அதிபர் தில்லையடிக்காரர். இறாலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. சங்கீதத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதை அவரே ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

“மிஸ், எனக்குப் பாட்டுல ஒண்டும் வெளங்கா. ஆனா புத்தகம் எண்டா வெளங்கும். புத்தகத்தால நாங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல.”

அந்தப் பாடு இதுதான். முன்பொருமுறை பளபளவென்ற அட்டையைப் பார்த்து மயங்கி, ஒரு இறால் புத்தகத்தை எல்லா மாணவருக்கும் வாங்கியிருக்கிறார்கள். குளத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்கிற இடத்தில் அச்சுப் பிழை. பிள்ளைகள் சொல் தட்டாமல் அப்படியே போட்டார்கள். விடிந்து பார்த்தால் குளத்து இறால் முழுதும் செத்து மிதந்தது. புத்தகம் எழுதியவர் எங்கோ தூரத்து நகரத்தில் சௌக்கியமாக இருந்தார். அன்றைக்கே அதிபர் ஒரு சட்டம் போட்டார்.

விஷயம் தெரியாத ஒருவரிடம் புத்தகத்தை மட்டும் கொடுப்பது. யாரும் அவருக்கு விளக்கம் சொல்லக் கூடாது. பதினான்கு நாளில், அதாவது இரண்டு கிழமைக்குள், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்து காட்டினால் புத்தகம் பாஸ், இல்லாவிட்டால் பெயில். விஷயம் தெரியாத, ஆனால் தமிழ் நன்றாக வாசிக்கிற, நாள் முழுக்க ஓரிடத்தில் இருக்கிற ஆள் கல்லூரியில் ஒருவர்தான் இருந்தார்.

“புத்தகம் எழுதினவரு குளத்தடிக்கு வரப்போறாரா மிஸ்? புத்தகம்தான் வரும். அது தனியா நிண்டு பேசணும்” என்றார் அதிபர்.

எனக்குக் கோபம் வந்தது. இது முழு மடத்தனம் இல்லை என்று உள்ளுக்குள் பட்டதால் இன்னும் கூடக் கோபம் வந்தது.

வாச்சர் அறுபதை நெருங்கியவர். முன்பு உப்பளத்தில் வேலை செய்தவர். எல்லோரையும் போல நானும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே கூப்பிட்டேன். புத்தகத்தைப் பார்த்து ஒரு தொட்டி இறால் வளர்த்திருக்கிறார். புத்தகத்தைப் பார்த்து ஒரு தென்னையில் வண்டை ஒழித்திருக்கிறார். தையல் புத்தகத்தைப் பார்த்து அவர் தைத்த சட்டை சாட்சிப் பொருளாக அதிபரின் அலுமாரியில் இன்னும் தொங்குகிறது. ஒரு கை மற்றதைவிட நீளம். கேக் புத்தகத்தைப் பார்த்து அவர் செய்த கேக்கில் தென்னை விரிவுரையாளருக்கு ஒரு பல் போயிற்று. அந்தப் புத்தகத்தைக் கல்லூரி வாங்கவில்லை.

“நான் பெயில் பண்ணின புத்தகம் நாலு மிஸ். எழுதினவங்களுக்கு நான் ஆருண்டே தெரியா” என்று தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார் நானா. அதில் பெருமை இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

எங்களுக்கு இருந்தது ஆறு கிழமை. அது முடிந்ததும் பாடநெறிக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரிகள் வருவார்கள். சோதித்துத் தேர்ந்த பாடநூல் ஒன்றாவது மேசையில் இல்லையென்றால் இசை டிப்ளோமா கைவிடப்படும், சேர்ந்திருந்த ஒன்பது பேரும் தென்னைக்கு மாற்றப்படுவார்கள். தென்னை விரிவுரையாளர் சிலாபம் பக்கத்து ஆள், கெட்டவர் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பது கதிரையை முன்கூட்டியே துடைத்து வைத்திருந்தார். எட்டுப் பேருக்கு அதில் பெரிய கவலை இல்லை. எல்லாம் பதினெட்டு, இருபது வயது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று.

ஒன்பதாவது ஆளுக்கு முப்பத்துநான்கு வயது. மாம்புரியில் இருந்து முதல் பஸ்ஸில் ஏறி, பாலாவியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து வருவாள். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவள் கருவாடு போட்டு விற்கிறவள். முப்பத்தைந்து ஆகிவிட்டால் கல்லூரியில் சேர்க்கமாட்டார்கள். இந்த முறை விட்டால் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கக் கூட முடியாது. முதல் நாளே இதை என்னிடம் சொல்லிவிட்டாள்.

“எங்கட ஊர்ப் பள்ளிக்கொடத்துல சங்கீத டீச்சரே இல்ல மிஸ். அந்தப் பாடம் வந்தா புள்ளைகள் வெளக்குமாத்த எடுத்து முத்தம் கூட்டுதுகள். என்ட மகளும் கூட்டுறா. எனக்குத் தென்னை வேணாம். ஊரெல்லாம் தென்னைதான் நிக்குது. பாட்டுச் சொல்லிக் குடுக்கத்தான் ஆளில்ல.”

எனக்கு அவளைப் பிடித்துப் போனது. அப்படி ஒருவரைப் பிடித்துப் போனால் நான் இன்னும் கடுகடுப்பாக இருப்பேன். அவளைத்தான் வகுப்பில் அதிகம் ஏசினேன்.

சோதனைக்கு மூன்று புத்தகங்களைத் தெரிவு செய்தேன். முதலாவது கடல் கடந்து வந்த, தலையணை மொத்தத்தில் ஒரு நூல். நாதம் என்றால் என்ன என்று தொடங்கி வீணையின் பாகங்கள் வரைக்கும் எல்லாம் இருந்தது. இரண்டாவது பரீட்சை வழிகாட்டி. கேள்வி, விடை, கேள்வி, விடை. மூன்றாவது பழுப்பு அட்டை போட்ட, போட்டோகொப்பி எடுத்துக் கட்டிய ஒரு புத்தகம். அதில் எழுதியவர் பெயர் இல்லை. எழுதியவர் நான். பெயரைப் போடாதது அடக்கத்தால் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையில், யார் எழுதியது என்று தெரியாமலே எல்லோரும் புகழ்வதைப் பக்கத்தில் இருந்து கேட்க ஆசை.

இரண்டு கிழமை கழித்து முதல் புத்தகத்துக்கான கூட்டம். அதிபர், தென்னை விரிவுரையாளர், நான். முன்னால் படிவம். இறாலுக்கென்று ஒரேயடியாக அச்சடித்த படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்ததால் எல்லாப் பாடத்துக்கும் அதையேதான் நிரப்பினார்கள். “நீரின் உப்புத்தன்மை” என்ற இடத்தில் அதிபர் ஒரு கோடு இழுத்தார். “இறப்பு” என்ற இடத்தில் பேனை நின்றது.

“இதுல என்ன போடுற மிஸ்?”

“இன்னும் ஒருத்தரும் சாகல்ல எண்டு போடுங்க சேர்.”

நான் எரிச்சலில் சொன்னேன். அவர் “இதுவரை இல்லை” என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். நாதம் எங்கே பிறக்கிறது என்று சொன்னார். பழைய அரசர்கள் யார் யார் சங்கீதத்தை ஆதரித்தார்கள் என்று சொன்னார். வீணை செய்ய எந்த மரம் நல்லது என்று சொன்னார். அதைச் சொல்லும்போது தென்னை விரிவுரையாளர் மட்டும் ஆர்வமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாஷா அல்லாஹ். இனிப் பாடுங்க” என்றார் அதிபர்.

“அது இந்தப் புத்தகத்துல இல்ல சேர்” என்றார் நானா. “பாட்டு எங்கேருந்து வந்திச்சுண்டு இரிக்கி. எப்படி வருமுண்டு இல்ல.”

முப்பது வருஷம் நான் மேடை போட்டுச் சொல்லியிருக்க வேண்டிய வசனத்தை ஒரு வாச்சர் சொல்லிவிட்டார். முதல் புத்தகம் பெயில்.

இரண்டாவது கூட்டத்தில் நானா ஒரு குரலில் கேள்வி கேட்டு, இன்னொரு குரலில் தானே விடை சொன்னார். தென்னை விரிவுரையாளர் புத்தகத்தை வாங்கி இடையிடையே புரட்டிக் கேட்டார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தாளத்தின் அங்கங்கள் எத்தனை, ராகத்தின் இலக்கணம் என்ன, எல்லாம் சரி. அதிபரின் முகம் மலர்ந்து போயிற்று. முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

“பரீட்சையில பாஸாகும் எண்டா, பாடநூலுக்கு வேற என்ன வேணும்?”

யன்னலுக்கு வெளியே மாம்புரிக்காரி நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. முத்திரை இறங்க ஒரு விரற்கடை இருந்தது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் தப்பியிருப்பாள், டிப்ளோமா தப்பியிருக்கும், இந்தக் கதையும் இருந்திருக்காது. ஆனால் என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகிற வாய்.

“சரிகம பாடச் சொல்லுங்க சேர்.”

நானா பாடினார். பாடினார் என்றால், கேட்டில் லொறி இலக்கம் வாசிப்பாரே, அந்தக் குரலில் வாசித்தார். “ச. ரி. க. ம. ப. த. நி. ச.” நிறுத்தி நிதானமாக, பிசகில்லாமல்.

“எல்லா எழுத்தும் வந்திச்சே மிஸ்?” என்றார் அதிபர்.

எழுத்து வந்தால் போதாது, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நிற்க வேண்டும், அதுதான் சங்கீதம், மற்றது பெயர் கூப்பிட்டு வரவு எடுக்கிற வேலை என்று நான் அரைமணி நேரம் கத்தினேன். அதிபர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து முத்திரையைக் கீழே வைத்தார். புத்தகம் பெயில். நான் கத்தியதில் பாதி நியாயம். மற்றப் பாதி, அடுத்தது என் புத்தகம் என்பது. இதை இன்றைக்கு எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெளியே வந்தபோது அவள் கேட்டாள். “அந்தப் புத்தகத்தையே எடுத்திருக்கலாமே மிஸ்?” குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏசி ஆறுதல் பட்டிருப்பேன்.

மூன்றாவது புத்தகத்தைக் கொடுத்த மூன்றாம் நாள் காலை, நானா என்னை கேட்டடியில் மறித்தார்.

“மிஸ், இத எழுதினது ஆரு?”

“தெரியாது.”

“நல்லாப் படிச்ச ஆளுதான். ஆனா ஆரோடயோ கோவத்துல எழுதியிரிக்கி. இப்படிப் பாடக் கூடாது, அப்படிப் பாடக் கூடாதுண்டே முக்காவாசி. எப்படிப் பாடுறண்டு வாற எடத்துல, ‘குருமுகமாகக் கற்க’ண்டு போட்டு முடிச்சிட்டாரு. குரு வந்தா எனக்கு இந்தப் புத்தகம் எதுக்கு மிஸ்?”

அன்று பின்னேரம் பஸ்ஸில் என் பிரதியை எடுத்து விரித்தேன். முந்தலில் இருந்து உடப்புத் திருப்பம் வருவதற்குள் எண்ணி முடிக்க முடியாத அளவுக்குக் ‘கூடாது’ இருந்தது. முதலில் வாச்சர் மேல் கோபம் வந்தது. பிறகு அந்தப் பக்கங்களை எழுதியவள் மேல் வந்தது. எத்தனை பிள்ளைகளை இந்தக் ‘கூடாது’க்களால் வாயடைத்திருக்கிறேனோ என்று நினைத்து, பிரதியை மூடிப் பைக்குள் தள்ளினேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது சுத்தமான கள்ள வேலை. மாம்புரிக்காரியைக் கூப்பிட்டு, வகுப்பறை வெக்கையாக இருக்கிறது, மத்தியானத்தில் வாச்சர் கொட்டிலுக்குப் பின்னால் இருக்கிற பூவரச மர நிழலில் இருந்து சாதகம் செய் என்றேன். சுருதிப் பெட்டியையும் கொடுத்தேன். ஏன் அந்த மரம் என்று அவள் கேட்கவில்லை. கொட்டிலின் சுவர் தகரம். அதில் ஒரு தும்மல் கூட ஊடுருவிக் கேட்கும். யாரும் நானாவுக்கு விளக்கம் சொல்லவில்லை, அவள் தன் பாட்டுக்குப் பாடுகிறாள், சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவள் விடியற்காலைப் பஸ் பிடித்து வருகிறவள். மத்தியானம் பசி கண்ணைக் கட்டும். சோற்றுப் பார்சலை விரித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் உண்பாள், ஒரு வரி பாடுவாள். எங்கள் பக்கத்துக் காகங்கள் இறால் தலை தின்று வளர்ந்தவை. மனிசருக்குப் பயப்படாதவை.

மூன்றாவது கூட்டம். நானா பழுப்புப் புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தார். உட்கார்ந்தார். கண்ணை மூடினார். சரளி வரிசையைத் தொடங்கினார்.

நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. உப்பளத்து வெயிலில் காய்ந்த கரகரத்த குரல்தான். ஆனால் ‘ச’ இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ‘ரி’ அதற்கு மேலே, சரியான தூரத்தில் ஏறி நின்றது. கை தொடையில் தாளம் போட்டது. அதிபர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். இரட்டை வேகத்தில் இரண்டாம் காலமும் போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது, நான்காவது வரி முடிகிற இடத்தில், தாளம் பிசகாமல் நானா கையை வீசினார்.

“சூ! சூ! போ காகமே!”

அடுத்த வரியை அதே சுருதியில் எடுத்தார்.

அதிபர் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். தென்னை விரிவுரையாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இரண்டு பேரும் விரலை வைத்து வரிவரியாகத் தேடினார்கள். அதற்குள் நானா அடுத்த வரிசைக்குப் போய், அதன் நடுவில் “சோத்துல வாய் வெக்காத!” என்று அதட்டிவிட்டு, மேல் ஸ்தாயிக்கு ஏறினார். அதிபர் பொருளடக்கத்துக்குப் போய்த் தேடினார்.

பாடி முடிந்ததும் மெதுவாகக் கேட்டார். “நானா, இந்தக் காகம் புத்தகத்துல எங்க இரிக்கி?”

“புத்தகத்துல இல்ல சேர். நானும் தேடினன். ஆனா அந்தத் தங்கச்சி மரத்தடியில படிக்கிறப்ப அந்த எடத்துல அது வருது. ஒவ்வொரு நாளும் வருது. அச்சுல விட்டுட்டாங்கண்டு நினச்சன். சுண்ணாம்புக்கு நடந்த மாதிரி.”

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. “அவவ அங்க இருத்தினது நான்தான் சேர்” என்றேன். “அந்தப் புத்தகத்த எழுதினதும் நான்தான்.”

நானா தலையைக் குனிந்துகொண்டார். “கோவிச்சிக்காதீங்க மிஸ். தெரியாமச் சொல்லிட்டன்.”

“தெரிஞ்சு சொல்லியிருந்தாலும் சரிதான் நானா.”

“அப்ப பெயில்தானே?” என்றார் தென்னை விரிவுரையாளர். யன்னலில் மாம்புரிக்காரியின் முகம் தெரிந்தது. அவள் காகத்துக்குச் சொன்னது கூட்டத்தில் பாடப்பட்டதில் வெட்கப்பட்டு முந்தானையை வாயில் வைத்திருந்தாள். ‘பெயில்’ என்றது காதில் விழுந்ததும் கை கீழே இறங்கியது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அதிபர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். அவர் பொய் எழுதாத மனிசர். அதுதான் அவரோடு இருக்கிற பெரிய தொல்லை.

“இவரு பாடினது உண்மை. பாடல்லண்டு எழுத ஏலா. புத்தகம் தனியாப் பேசல்ல, அதும் உண்மை. நானா, புத்தகம் இல்லாம அந்தப் புள்ளட குரல மட்டும் கேட்டிருந்தா பாடியிருப்பீங்களா?”

“இல்ல சேர். புத்தகம் இல்லாட்டி என்ன எழுத்துண்டு தெரியா. அவ இல்லாட்டி அந்த எழுத்து எந்த ஒசரத்துல இரிக்கிண்டு தெரியா.”

அதிபர் பேனையைத் திறந்தார். அவர் எழுதியதை நான் பக்கத்தில் இருந்து வாசித்தேன். “தேர்ந்த பாடநூல்: பழுப்பு அட்டை நூல் ஒன்று, மாம்புரி மாணவியின் குரல் ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்து ஒரே நூலாகக் கொள்ளப்படும். பிரித்து வழங்கக் கூடாது.” இறப்பு என்ற இடத்தில் “இல்லை”. முத்திரை விழுந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். புத்தகத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். மற்றப் பகுதி எங்கே என்றார்கள். அவளைக் கூப்பிட்டோம், வந்து இரண்டு வரி பாடினாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதற்கு நூலக இலக்கம் உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றார் அதிபர். புத்தகத்தின் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. அதே இலக்கத்தில் இன்னொரு துண்டு அவளுடைய பையில் ஒட்டியிருந்தது. அனுமதி கிடைத்தது.

அந்த வருஷம் முழுக்க அவள் மாணவியாகவும் இருந்தாள், பாடநூலாகவும் இருந்தாள். மற்ற எட்டுப் பேரும் வீட்டுப்பாடத்துக்கு அவளைத்தான் புரட்டினார்கள். சுகமில்லை என்று அவள் இரண்டு நாள் வராதபோது, நூலகத்தில் இருந்து புத்தகம் காணாமல் போனதாக ஒரு குறிப்பு எழுதப்பட்டது. நான் கோபப்படுவதைக் குறைத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசை. அப்படிச் சொன்னால் உடப்பில் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு ஆண்டிறுதிப் பரீட்சை வந்தது. முதல் நாள் எழுத்துப் பரீட்சை. மண்டப வாசலில் தென்னை விரிவுரையாளர், கையில் ஒரு பட்டியல். மண்டபத்துக்குள் கொண்டுவரக் கூடாத பாடநூல்களின் பட்டியல் அது. எட்டுப் பேரை உள்ளே விட்டார். ஒன்பதாவது ஆள் வந்ததும் பட்டியலைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

“தங்கச்சி, எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது. பாடநூல் உள்ள வரப்படாது.”

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. மணி அடித்து அரைமணி நேரத்துக்குப் பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். எழுதாவிட்டால் அந்த வருஷம் வீண். திரும்பச் சேரலாம் என்றால் வயது கடந்துவிட்டது. நான் அவரைப் பிடித்து ஏசினேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “மிஸ், நாளைக்கு யாராவது பெட்டிஷன் போட்டா எல்லாப் பிள்ளைகள்ட பேப்பரும் போகும்” என்றார். அதுவும் பொய்யில்லை. மணி அடித்தது.

அதிபர் ஓடி வந்தார். பட்டியலை வாசித்தார். அவரே கையெழுத்துப் போட்ட வசனம் அவர் முன்னால் நின்றது.

“எழுதினது எழுதினதுதான்” என்றார். “புத்தகம் வெளிய இருக்கணும். ஆளு உள்ள போகணும். இத எப்படிப் பிரிக்கிற?”

நானா கேட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். “சேர், அந்தப் புத்தகத்த நான் இரவல் எடுக்கிறன்” என்றார். “ஒரு புத்தகம் ரெண்டு எடத்துல இருக்க ஏலாதானே? என்னட்ட இரிந்தா அவட்ட இல்ல.”

நூலகப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். நூல் என்ற இடத்தில் இலக்கம். இரவல் பெற்றவர் என்ற இடத்தில் வாச்சர். திருப்பும் நேரம் பன்னிரண்டு மணி. நானா கையெழுத்து வைத்தார். தென்னை விரிவுரையாளர் இன்னும் வாசலை விட்டு விலகவில்லை.

“பழுப்புப் புத்தகம் கையில இருக்கு, சரி. மற்றது உங்களிட்ட இருக்கு எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

நானா வாசலில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். அந்தக் கரகரத்த குரலில், அவளுடைய இழுப்போடு, அவள் மூச்சு எடுக்கிற இடத்திலேயே மூச்சு எடுத்து, சரளி வரிசையைத் தொடங்கினார். நான்காவது வரி முடிவில், “சூ! சூ! போ காகமே!”

தென்னை விரிவுரையாளர் விலகி நின்றார். “ஹரி, சரிதான். புத்தகம் வெளியதான் இருக்கு. நீங்க உள்ள போங்க.”

அவள் போனாள். பையை வாசலில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு, அழுதுகொண்டே போனாள்.

நானா நிறுத்தவில்லை. அரைமணி நேரம் கழித்துப் போதும் என்று நான் சைகை காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, “நிப்பாட்டினா திருப்பிக் குடுத்த மாதிரி ஆகும் மிஸ்” என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து, என் புத்தகத்தை அவர் முன்னால் பிடித்துப் பக்கம் புரட்டிக் கொடுத்தேன். நான் எழுதிய ‘கூடாது’க்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் இருந்தன. எங்கே மூச்சு எடுப்பது, எங்கே நீட்டுவது. நான்காவது வரியின் முடிவில் ‘காகம்’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அதுதான் அந்தப் புத்தகத்திலேயே எல்லோருக்கும் விளங்குகிற இடம்.

யன்னல் வழியாக அவள் தெரிந்தாள். வலது கை எழுதிக்கொண்டிருந்தது. இடது கை மேசையில், சத்தமில்லாமல், நானாவின் பாட்டுக்குத் தாளம் போட்டது. மேல் ஸ்தாயியில் அவர் குரல் உடைந்தபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பன்னிரண்டு மணி வரைக்கும் அந்த மனிசர் பாடினார். நான் தண்ணீர் கொடுத்தேன், பக்கம் புரட்டினேன், இடைக்கிடை அழுதேன்.

அவள் வெளியே வந்ததும் நானா நிறுத்தினார். குரல் அடைத்துப் போயிருந்தது.

“எழுதினியா மகள்?”

“எல்லாத்துக்கும் எழுதிட்டன் நானா.”

அவர் பதிவேட்டை இழுத்து, திருப்பிய நேரத்தைக் குறித்தார். கடைசியில் ‘நூலின் நிலை’ என்றொரு இடம் இருந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்: நல்ல நிலை. கிழிசல் ஒன்றும் இல்லை.